அக்காவுக்குப் பழுப்பு நிறம் பூசிய கதை

புதிதாக ஒரு வித்தை கற்றுக்கொண்டவர்களை ஒரு மாதத்துக்காவது குடும்பப் படங்களுக்குப் பக்கத்தில் விடக்கூடாது. இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். வித்தையைக் கற்றவள் நான். பட்டவள் என் அக்கா.

கண்டி டவுனில் வார இறுதி வகுப்பொன்றுக்குப் போய், கணினியில் படங்களைத் திருத்தப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிழமைப் பாடம், வண்ணப் படத்தை ஒரே சாயலுக்கு மாற்றுவது. முதலில் நிறத்தையெல்லாம் எடுத்துவிட வேண்டும். பிறகு நிழலான இடங்களில் கடும் பழுப்பையும் வெளிச்சமான இடங்களில் இளமஞ்சளையும் ஏற்ற வேண்டும். வெறும் கறுப்பு வெள்ளையில் இல்லாத ஒரு கதகதப்பு வரும் என்றார் படிப்பித்த சேர். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கோழி, கோயில், அப்பாவின் சைக்கிள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பழுப்பாக்கினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாலதி அக்காவுக்குக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. முன்பு வந்ததெல்லாம் தட்டிப்போனதில், கல்யாணப் பேச்சென்றாலே அக்கா எழுந்து போய்விடுவாள். இந்த மாப்பிள்ளையின் படத்தை மட்டும் இரண்டு தரம் வாங்கிப் பார்த்தாள். (மூன்றாவது தரம் பார்த்தது எனக்கு மட்டும் தெரியும்.)

"என் போட்டோவ நல்லா செஞ்சு அனுப்புடி," என்றாள். அதுவரை அவள் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

பன்விலயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் எடுத்த படத்தில் அக்கா அழகாகத்தான் இருந்தாள். ஆனால் அவளுடைய மயில்பச்சைச் சேலையோடு ஒரு மஞ்சள் வாளியும், கொடியில் கிடந்த, அப்பா இடுப்பில் கட்டும் சிவப்புச் சாரமும் போட்டி போட்டன. நிறத்தை எடுத்தேன். வாளியும் சாரமும் அடங்கின. அத்தோடு விட்டிருக்கலாம். விட்டால் நான் எப்படிக் கலைஞி? பழுப்பை ஏற்றி, ஓரங்களை இருட்டாக்கி, தலையைச் சுற்றி மெல்லிய ஒளி வைத்தேன். சாதகம் பார்க்க உதவுமே என்று கீழே பெயரும் பிறந்த திகதியும் போட்டேன். மூலையில் இரண்டு வெள்ளைப் பூ.

சம்பந்தம் கொண்டுவந்த பெரியப்பாவுக்கு அனுப்பினேன். அவருக்குப் போனில் எழுத வராது. ஒரு சொல்லும் இல்லாமல் படத்தை மட்டும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தட்டிவிட்டார்.

மறுநாள் காலை வாசலில் ஒரு வான் வந்து நின்றது. வெள்ளைச் சேலையில் ஓர் அம்மா இறங்கினார். பின்னால் பூமாலையோடு மாப்பிள்ளை. சீனியும் பிஸ்கட் பக்கெட்டுமாக அவருடைய அப்பா. அந்த அம்மா நேரே வந்து எங்கள் அம்மாவைக் கட்டிப்பிடித்து, "இப்பிடி ஆகிப்போச்சே அக்கா!" என்று கதறினார்.

எங்கள் பக்கத்தில் இழவென்றால் வெள்ளை உடுத்திப் போய், முதலில் கட்டிப்பிடித்து அழ வேண்டும். யார், எப்படி என்ற விசாரணையெல்லாம் அழுது முடித்த பிறகுதான். வெள்ளைச் சேலையில் ஒருவர் வந்து தோளில் விழுந்தால் அம்மா கேள்வி கேட்கமாட்டார். அவர்கள் வீட்டில்தான் யாரோ போய்விட்டார்கள் என்று முடிவுகட்டி, அவரைவிடச் சத்தமாக அழுதார். "நல்ல மனுசனாச்சே!" என்றுகூடச் சொன்னார். (எந்த மனுசன் என்று அவருக்கே தெரியாது.)

சத்தம் கேட்டு, குளித்த தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு அக்கா வந்தாள்.

"என்னம்மா, யாரு செத்தது?"

மாப்பிள்ளையின் கையிலிருந்த மாலை கீழே விழுந்தது. "இவங்கதான்," என்றார்.

அழுகை நின்றது. மாப்பிள்ளையின் போன் கைமாறியது. சந்தியில் ஒட்டுகிற மரண அறிவித்தல்கள் எல்லாம் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா என்னைத் தேடினார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அக்கா படத்தைப் பார்த்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஆசைப்பட்ட ஒரே சம்பந்தத்துக்கு நானே கருமாதி செய்துவிட்டேன்.

"நல்ல காரியம் பேச வேண்டிய வீட்டுக்கு வெள்ளச் சேலயில வந்து நிக்கிறேனே," என்று மாப்பிள்ளையின் அம்மா கதிரையில் சாய்ந்தார். அவர் சகுனம் பார்க்கிறவர் என்று பெரியப்பா ஏற்கெனவே எச்சரித்திருந்தார்.

"வர்ற வழியிலேயே சொன்னேன், ரோட்டுல இழவுக்குக் கட்டுற வெள்ளக்கொடி ஒண்ணும் காணோமேன்னு. கேட்டீங்களா?" என்றார் மாப்பிள்ளை. பிறகு சாத்திய கதவைப் பார்த்துச் சற்று உரக்க, "ஆனா போட்டோவுல பாத்தத விட நேர்ல நல்லா இருக்காங்க. துவாயோடயும்தான்," என்றார்.

கதவுக்குப் பின்னால் அக்கா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவருடைய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழ வேண்டியதெல்லாம் முன்கூட்டியே அழுதாச்சு. இனி என்ன, தேத்தண்ணி ஊத்துங்க."

அவர்கள் இழவுக்குக் கொண்டுவந்த சீனியிலேயே தேநீர் ஊற்றினோம்.

கல்யாணத்தில் படம்பிடிக்க வந்தவரிடம் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எல்லாரும் உசுரோட இருக்கிற கலர்லயே எடுங்க." இன்றும் நான் படம் எடுக்கப் போனால், வீட்டில் யாராவது இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

அத்தான் மட்டும் அந்தப் படத்தை அழிக்கவில்லை. அக்கா அழைத்தால் அவருடைய போனில் அதுதான் தோன்றும். போன மாதம் கண்டி பஸ்ஸில் போன் அடித்தபோது, பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, மெதுவாகத் தோளைத் தொட்டு, "எப்ப தம்பி தவறினாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"கொஞ்சம் இருங்கண்ணே," என்றாராம் அத்தான். "இத எடுக்கலன்னா நாந்தான் தவறிருவேன்."