அப்பாவின் மீசையும் பதின்மூன்று சென்டிமீட்டரும்

என் அப்பாவின் மீசை போனதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான். அறுபது வருஷத்துக்கும் மேலாகச் சிரித்து மழுப்பியதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. கல்லூரியில் பௌதிகம் படிக்கப்போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (ஊர் என்றால் எங்கள் தெருவும் மாதா கோயில் வாசலும்.) அப்பாவுக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. சைகோனில் வேலை பார்த்தபோது வாங்கிய குழியாடியில் முகத்தைப் பெரிதாகப் பார்த்துத்தான் சவரம் செய்வார். அக்கா பிலோமினாவின் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், அதன் குவியத் தூரத்தைக் கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று ஆணியிலிருந்து இறக்கினேன். இருபது சென்டிமீட்டரில் அளவுகோலைப் பிடித்தால் உருவம் இரண்டு மடங்காகத் தெரிந்தது. குறித்துக்கொண்டு திரும்ப மாட்டும்போது கை நழுவிவிட்டது.

அப்பா சில்லுகளைப் பொறுக்கினார், திட்டவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் மதராசிலிருந்து வேறொன்று வரவழைப்பதாகச் சொல்லி, குவியத் தூரம் எவ்வளவு என்று கேட்டார்.

"எம் பொண்ணு கணக்கு போட்டுக் குடுப்பா" என்றார் அப்பா, கடையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

போட்டேன். பாடப்புத்தகத்து உதாரணங்களில் மெழுகுவர்த்தி தலைகீழாகத் திரையில் விழும். அதற்கு உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். சவரக் கண்ணாடியில் முகம் நேராகத் தெரியும். அதற்கு ஒன்றைக் கழிக்க வேண்டும். நான் கூட்டினேன். இருபதை இரண்டால் பெருக்கி வந்த நாற்பதை ஒன்றால் வகுக்க வேண்டியவள் மூன்றால் வகுத்து, பதின்மூன்று சொச்சம் என்று எழுதிக் கொடுத்தேன். கீழே கையெழுத்து வேறு.

கண்ணாடி கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை, வீடு நிறையச் சொந்தக்காரர்கள் பார்த்திருக்க, அப்பா அதன் முன் நின்றார். வழக்கமான தூரத்தில் ஒரே கலங்கல். இரண்டடி பின்னால் போனால் தலைகீழாக ஒரு அப்பா. மூக்கு இடிக்கிற மாதிரி நெருங்கினால் நேராகத் தெரிந்தது, ஆனால் பாதி மீசை மட்டும், துடைப்பம் பருமனுக்கு.

"சவரக் கடையில போயி செஞ்சிகினு வாங்கப்பா" என்றாள் அக்கா.

"எதுக்கு? நல்லாத்தான் தெரியுது" என்று கத்தியை எடுத்தார்.

ஒரு பக்கம் குறைந்தது. அதைச் சரிக்கட்ட மறுபக்கமும் குறைந்தது. கோயில் மணி அடித்தபோது மீசையே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் அவரைத் தாண்டிப் போய், பெண்ணின் தகப்பனார் எங்கே என்று விசாரித்தார்கள்.

அந்த வெட்கத்தில், அதே வாரம் சரித்திரப் பிரிவுக்கு விண்ணப்பம் எழுதி அப்பாவிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

"பௌதிகம் வேணாமா?"

"வேணாம்பா."

மேலுதட்டைத் தடவிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மீசையை அவர் திரும்ப வளர்க்கவேயில்லை. ஏன் என்று பல வருஷம் கழித்துத்தான் கேட்டேன்.

"வளத்தா, நீ போட்ட கணக்கு தப்புன்னு ஆயிடும்ல? வேணும்னுதான் எடுத்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

கல்யாண ஆல்பத்தைப் புரட்டும் பேரப்பிள்ளைகள், மீசையில்லாமல் நிற்கும் அப்பாவைக் காட்டி, யார் இந்த வெள்ளைக்காரர் என்று இன்றும் கேட்பார்கள். "அது சின்ன ஆயா போட்ட கணக்கு" என்று அக்கா என்னைக் காட்டிச் சொல்ல, வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். நான் போட்ட கணக்கைச் சாகும்வரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நான்தான் ஒரு வாரத்தில் விட்டுவிட்டேன்.