இரண்டாவது ஆள்

"ஏனுங்க, ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்குது. சட்டையாவது மாத்துங்க."

"அஞ்சே நிமிஷம் நிதா. புது வெர்ஷன் வந்திருக்குது. ஏத்திப்போட்டு வாரேன்."

நிதா பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள். ரிஃபத்தின் ஐந்து நிமிஷங்களோடு எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள்.

ரிஃபத் சம்பளம் வாங்குவது ஒரு பம்ப் கம்பெனியில். சம்பளமில்லாமல் செய்யும் வேலை வேறு. நார்வேக்காரர் ஒருவர் எழுதிய சின்ன மென்பொருளை, லினக்ஸ் கணினிகளில் யாரும் சுலபமாக நிறுவிக்கொள்ளும்படி பேக்கேஜாகக் கட்டிக் கொடுப்பான். அவர் மாற்றும்போதெல்லாம் இவனும் புதுப்பிப்பான். எந்தக் கரையில் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் மென்பொருள் அது. அவர்கள் குடியிருக்கும் போத்தனூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

உலகத்தில் அதைத் திறந்து பார்ப்பவர்கள் இரண்டு பேர். வாராவாரம் வரும் கணக்கு அப்படித்தான் சொல்லும், பெயர் சொல்லாது. ஒருவர் ரிஃபத்.

"அந்த இன்னொருத்தர் யாருடா?" என்று ஆபீஸ் நண்பன் கிஷன் ஒருமுறை கேட்டான்.

"மீனவரா இருப்பாருடா. ஏதோ ஒரு தீவுல, என்னைய நம்பிப் படகு எறக்கறவரு."

புது வெர்ஷன் ஏறவில்லை. இன்னொரு மென்பொருளையும் புதுப்பிக்கச் சொன்னது. அதைப் புதுப்பித்தான். எல்லாக் கரைக்கும் நார்வே நேரத்தைக் காட்டியது. அதைத் திருத்திக்கொண்டிருக்கும்போது ஸ்டேஷன் பக்கமிருந்து ஹாரன் கேட்டது.

"நம்ம வண்டிங்க," என்றாள் நிதா. "கல்யாணமான மாசமே கன்னியாகுமரி கூட்டிப் போறேன்னீங்க. கடல் எப்ப ஏறும்னு எனக்குக் காட்டத்தான் இதையே ஆரம்பிச்சீங்க."

"அந்த மனுசனுக்கு என்னைய உட்டா யாரு இருக்கா, நிதா?"

"எனக்குங்க?"

அவன் திரையைப் பார்த்தான். அவள் தையல் மெஷின் மேலிருந்த பழைய லேப்டாப்பை மூடினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் பெருந்துறை பஸ் ஏறிவிட்டாள்.

அன்று சாயங்காலமே ரிஃபத் பேக்கேஜை வெளியிட்டான். மறுநாள்தான் தெரிந்தது: கடல் ஏறும் நேரத்தில் வற்றும் என்றும், வற்றும் நேரத்தில் ஏறும் என்றும் அது சொல்லிக்கொண்டிருந்தது. அவசரமாகத் திருத்தி வெளியிட்டான். அதன்பின் அது எதையுமே சொல்லவில்லை, திறக்கவே மறுத்தது. மூன்றாம் தடவை திருத்தி முடித்தபோது அந்த வாரத்துக் கணக்கு வந்தது.

ஒன்று.

"கிஷன், ஆளு போயிட்டாருடா." போனில் ரிஃபத் அழுதான்.

"யாரு?"

"மீனவரு. கடல் வத்தியிருக்குதுன்னு நம்பி எறங்கியிருப்பாரு. நான்தான்டா கொன்னுபோட்டேன்."

"ஊட்டுக்காரி போயி ஒரு வாரமாச்சு. அதுக்கு அழுதியா நீ?"

"அவ பெருந்துறைல பத்திரமா இருக்காடா!"

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பேக்கேஜ் கட்டுகிறவர்கள் எல்லோரும் படிக்கும் பொது மின்மடல் குழுவுக்கு உட்கார்ந்து ஒரு மடல் எழுதினான். 'பெயர் தெரியாத நண்பரே, நீங்கள் இருந்தவரை என் உழைப்புக்கு அர்த்தம் இருந்தது. ஒருநாள்கூட உங்களை நலம் விசாரித்ததில்லை. இருக்கிறீர்கள் என்ற தைரியத்திலேயே இருந்துவிட்டேன். மன்னியுங்கள்.'

அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பார்த்தான். நிதாவுக்கு இப்படி ஒரு வரி எழுதியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மடலின் அடியில் இன்னொரு வரி சேர்த்தான்: 'இந்தப் பேக்கேஜை இன்றோடு கைவிடுகிறேன்.' அனுப்பிவிட்டு, கன்னியாகுமரிக்கு இரண்டு டிக்கெட் போட்டுக்கொண்டு பெருந்துறைக்குப் பஸ் ஏறினான்.

வாசலில் மாமியார் சாஜிதா பேகம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாங்க மாப்ளே. ஒரே வாரத்துல இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?"

"அந்தப் பேக்கேஜை உட்டுப்போட்டேனுங்க மாமி. நிதாகிட்டச் சொல்லுங்க. இனி யாருக்காகச் செய்யறது? நம்பியிருந்த ஒரே ஆளும் போன வாரத்தோட போயிட்டாருங்க."

சாஜிதா பேகம் கீரையைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கியும் போகலைங்க மாப்ளே, உள்ளதான் வெங்காயம் உரிச்சுட்டிருக்கா, உங்க கணக்குல ஒருத்தருமே இல்லைன்னு வந்தா நீங்க தாங்க மாட்டீங்கன்னு, எட்டு வருசமா அந்தப் பழைய லேப்டாப்புல அதைத் தெறந்து வெச்சுட்டுத்தான் தெனமும் தையல்ல உக்காருவாளாம்."