போண்டாவுக்கு யார் பணம் தருவார்?

ஆரணியில் பணம் கேட்டு அலைந்தவர்கள் எத்தனையோ பேர். கேட்ட பணம் கிடைத்துவிடாமல் இருக்க இவ்வளவு பாடுபட்ட ஒரே மனிதர், எங்கள் மேல் வீட்டில் குடியிருந்த 'முப்பது வருஷம்' தான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். ஆனால் கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூட, "முப்பது வருஷம் மேல இருக்காருங்களா?" என்றுதான் கேட்பார். சூரியனுக்குள் அணுக்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வெளிச்சமும் சூடும் தருகின்றன அல்லவா, அதை ஓர் எவர்சில்வர் உருண்டைக்குள் நடத்திக் காட்டுவது என்று, கல்லூரியில் இயற்பியல் நடத்தும் வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். இதிலிருந்து எப்போது கரண்ட் வரும் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "முப்பது வருஷம் ஆகும்." போன வருஷம் கேட்டவருக்கும் முப்பது, இந்த வருஷம் கேட்டவருக்கும் முப்பது.

"ஒரு வருஷமாவது கொறையணுமே சார்?" என்றார் என் கணவர்.

"கொறையணும். கொறையல."

மேலே அணு ஆராய்ச்சி நடக்கிறது என்பது, அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சி, ஐந்து மாதக் குழந்தையோடு நாங்கள் கீழ் வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் எனக்குத் தெரியும். தெரிந்த அன்றே மாடிப்படி ஏறிப் போய் விசாரித்தேன். அவர் என்னை உட்கார வைத்து உலக நிலவரத்தை விளக்கினார்.

"பெரிய பெரிய நாடுங்க எல்லாம் சேர்ந்து ஒரே மாதிரிதாம்மா கட்டிகினு இருக்காங்க. மெதுவடை மாதிரி, நடுவுல ஓட்டை. அரசாங்கப் பணம் மொத்தமும் வடைக்கே போயிடுது. நம்மளது உருண்டை, போண்டா. போண்டாவுக்கு எவனும் தர மாட்டான்."

"வடை நல்லா வருதுங்களா சார்?"

"அதுவும் இன்னும் வேகல. ஆனா பெரிய சட்டியில வேகல. அதுக்கு மரியாதை ஜாஸ்தி."

வடையோ போண்டாவோ, எனக்கு அது கவலையில்லை. போண்டாவுக்கு நேர் கீழே என் மகளின் தூளி தொங்கியது. சாயங்காலமானால் மேலேயிருந்து 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் கிளம்பும். உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவேன். வாசலில் கொசு. கொசுவால் காய்ச்சல் வருமே என்று உள்ளே வருவேன். அணுவைவிடக் கொசு மேல் என்று மறுபடி வாசலுக்குப் போவேன். எதிர்வீட்டு அக்கா நான் குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவரையே கேட்டேன். "இதால குழந்தைக்கு ஒன்னும் ஆவாதுங்களே சார்?"

வேறு யாராக இருந்தாலும் 'ஒன்னும் ஆவாதும்மா, தைரியமா போ' என்று சொல்லியிருப்பார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "ஆவாதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா நான் நெனைச்சது எதுவும் இதுவரைக்கும் நடந்ததில்ல."

அன்றைக்கே வேறு வீடு பார்க்கச் சொன்னேன். "வாடகை கம்மி, தண்ணி நல்லா வருது, இன்னா பேஜார் உனக்கு?" என்றார் என் கணவர். அவர் சொல்வதும் சரி என்று தோன்றியது. நான் சொன்னதும் சரி என்று தோன்றியது. எனக்கு எப்போதும் இதுதான் தொல்லை.

இதற்கிடையில் சென்னையிலிருந்து இரண்டு இளைஞர்கள் காரில் வந்தார்கள். இந்தத் துறையில் இப்போது தனியார் பணம் வருகிறதாம், வடையல்லாத வழிகளுக்கும் கொஞ்சம் சிந்துகிறதாம். கீழ் வீட்டுக் கடமையாக நான் டீ போட்டுக்கொண்டு போனேன்.

"சார், அஞ்சு வருஷம்னு போட்டுக்கலாம்."

"போட்டா அஞ்சு வருஷத்துல வந்துடுமா?"

"அதில்ல சார். பணம் போடறவங்க கேப்பாங்க."

"கேட்டா முப்பதுன்னு சொல்லுங்க."

"சார், உங்களுக்கு ஃபண்டிங் வேணுமா, வேணாமா?"

"வேணும்ப்பா. ரொம்ப அவசரமா வேணும்."

டீ ஆறுவதற்குள் கார் போய்விட்டது. அவர் மூன்று டம்ளரையும் தானே குடித்துவிட்டு, "நல்ல பசங்க" என்றார்.

கடைசியில் 'முப்பது வருஷம்' எங்கள் வீட்டு உரிமையாளரிடமே பணம் கேட்டுவிட்டார். எங்கள் உரிமையாளர் பட்டு நூல் வியாபாரி, சமணக் குடும்பம், ஊருக்கே நயினார். நிதானமான மனிதர். அவர் சொன்னது இது: "ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன். புடிச்சா பணம். புடிக்கலன்னா மெஷினத் தூக்கிகினு காலி பண்ணிடணும். அக்கம்பக்கத்துல பயப்படறாங்க."

பயப்படுகிற அக்கம்பக்கம் நான்தான். அந்த வாரம் முழுவதும் எனக்குச் சாமி கும்பிடவே தெரியவில்லை. பணம் வந்தால் போண்டா பெரிதாகும், தூளிக்கு மேலேயே. வராவிட்டால் அந்த மனிதர் தெருவில் நிற்பார். ஏற்கெனவே மூன்று வீட்டில் துரத்தப்பட்டவர், இனி யார் வைத்துக்கொள்வார்கள்? 'எது நல்லதோ அதைச் செய்' என்று கும்பிட்டுவிட்டு, எது நல்லது என்று சாமிக்கும் சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். சமணர் என்பதால் நயினார் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். அதனால் வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேர்க்காமல் சாயங்காலத்துக்குள் சமையலை முடித்தேன். குழந்தையை என் கணவர் பக்கத்து ஊரான சேத்துப்பட்டில் என் அம்மா வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தார். இயந்திரத்தின் வெளிச்சம் இருட்டில்தான் தெரியும் என்பதால், என் கல்யாணப் பட்டுச் சேலையையும் வளைகாப்புப் பட்டுச் சேலையையும் மேல் வீட்டு ஜன்னல்களில் கட்டினோம். ஆரணிப் பட்டு, ஊசிமுனை வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை.

"சாப்டுட்டுப் பாக்கலாங்க" என்றேன்.

"மொதல்ல மெஷின்" என்று நயினார் படியேறினார்.

சுவிட்சைப் போட்டதும் உருண்டையின் கண்ணாடித் துவாரத்தில் ஊதா நிறத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் எழுந்தது. நயினாரின் கைகள் தாமாகக் குவிந்தன.

"இதான் அந்த சூரியனா?"

"இல்லீங்க. இது வெறும் வெளிச்சம். உள்ள காத்துதான் இருக்கு. சரியான வாயு வாங்க அனுமதி வரல."

ஐந்து நிமிஷம் அதைச் சூரியனாக இருக்கவிடக் கூடாதா என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். நயினாரின் கைகள் கீழே இறங்கின.

"நூறு பங்கு கரண்ட் போட்டா எவ்ளோ திரும்ப வரும்? எங்க தொழில்ல பச்சைப் பட்டு நூல சோப்பு போட்டுக் காய்ச்சினா கோந்து போயி, எடையில கால் பங்கு கொறஞ்சிதான் வரும். அது சகஜம். அந்த மாதிரியா?"

"கால் பங்கு இல்லீங்க. முழுசும் போயிடும்."

"கோந்தும் போயி நூலும் போச்சா!" நயினார் இருட்டில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. கொழந்தய வச்சிகினு கீழ இருக்கறவ நீதான். இது இங்க இருக்கலாமா, கூடாதா? நீ சொல்றதுதான்."

சமையலறையில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. "பயமில்லீங்க... பயம்தாங்க. சார் ரொம்ப நல்லவருங்க. ஆனா பயம்தாங்க" என்றேன்.

"அவங்க பயப்படறது நியாயம்" என்றார் முப்பது வருஷம். "அதான், பாப்பா வீட்ல இருந்தா நான் சுவிட்சே போடறதில்ல."

"அப்ப எப்பதான்யா ஓட்டுவ?" என்றார் நயினார்.

"பாப்பாவுக்குத் தடுப்பூசி போட இவங்க ஆஸ்பத்திரிக்குப் போவாங்க இல்லீங்களா? அப்ப ஜல்தியா ஓட்டிப் பாத்துடுவேன்."

ஓர் ஆராய்ச்சி முழுவதும் என் மகளின் தடுப்பூசி அட்டையைப் பார்த்து நடந்திருக்கிறது! "அப்ப சாயங்காலம் வர்ற அந்தச் சத்தம் சார்?"

"கிரைண்டர்ம்மா. இட்லிக்கு அரைக்கிறேன்."

அத்தனை மாதக் கொசுக்கடியும் எனக்கு அந்த நொடியில்தான் அரித்தது. கூடவே சிரிப்பும் அழுகையும் வந்தன.

நயினார் தொண்டையைச் செருமினார். "எடை கொறஞ்சத மறைக்கிறவனத்தான் நான் தெனம் பாக்கறேன். முழுசும் போயிடும்னு வாய்விட்டுச் சொல்றவன இப்பதான் பாக்கறேன். படவேடு ரோட்ல நம்ம பழைய பட்டு காய்ச்சற கொட்டகை சும்மா கெடக்குது. பக்கத்துல ஒரு வீடு கெடையாது. மெஷினோட அங்க போ. கரண்ட் பில்லு என்னுது. அனுமதி வாங்கற செலவும் என்னுது. கோடியெல்லாம் என்கிட்ட கேக்காத."

நான் தப்பித்தேன் என்ற நிம்மதியில் ஓடிப்போய் ஜன்னல் சேலையை இழுத்தேன். வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டு எங்களை ஏமாற்றிவிட்டது. பொழுது எப்போதோ சாய்ந்து, கீழே என் சமையல் அத்தனையும் மூடியபடி இருந்தது.

நயினார் இருட்டைப் பார்த்தார், உருண்டையைப் பார்த்தார். "உன் சூரியன் ரெடியா இருந்திருந்தா நான் சாப்ட்டிருப்பேன்யா" என்று சொல்லிவிட்டுப் பட்டினியோடு படியிறங்கினார். மறுநாள் மதியம் வந்து சாப்பிட்டார்.

இயந்திரம் கொட்டகைக்குப் போய்விட்டது. அனுமதிக்கான தாள்கள் ஒவ்வொரு மேசையாக நகர்கின்றன என்று கேள்வி. நான் இப்போது நன்றாகத் தூங்குகிறேன்.

போன வாரம் அவர் போன் செய்தார். "பாப்பாவக் கூட்டிகினு ஒருநாள் வாங்கம்மா. வர்றதுக்கு முன்னாடி சொல்லுங்க, எல்லாத்தையும் நிறுத்தி வச்சிடறேன்."

"நிறுத்தாதீங்க சார். அவளும் பாக்கட்டும். எவ்ளோ தூரத்துல நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

வழக்கம்போல வெகுநேரம் யோசித்துவிட்டு, கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றார். எந்த மருந்துச் சீட்டையும் இன்னொரு டாக்டரிடம் காட்டிக் கேட்கிறவள் நான். அந்தத் தூரத்தை மட்டும் யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கப் போவதில்லை.