ஆறு புத்தகங்களுக்கு ஒரு கேட்பாஸ்

சூரியன்கூடச் சீட்டு இல்லாமல் கிழக்கிலிருந்து மேற்கே போகக் கூடாது என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் கேட்பாஸ்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. டைம் ஆபீஸில் சம்பளப் பட்டியல் போட்ட எனக்கே அது சட்டென்று நினைவுக்கு வராது.

ஓசூர் தொழிற்பேட்டையில் பிஸ்டன் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. அவர் ஸ்டோர்ஸ் கிளார்க். வாசலைத் தாண்டும் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று பிரதிகளில் 'கேட்பாஸ்' என்ற அனுமதிச் சீட்டு எழுதுவார்; அதுவே அவர் பெயராகவும் ஆகிவிட்டது. வெள்ளை, கொண்டுபோகிறவருக்கு. ரோஸ், காவலாளிக்கு. மஞ்சள், அவருக்கு. திரும்பி வரவேண்டிய பொருள் என்றால், அது வந்து சேரும்வரை மஞ்சள் சீட்டு அவருடைய கிளிப்பை விட்டு அசையாது.

ஒருமுறை மழையில் ஜெனரல் மேனேஜர் தன் சொந்தக் குடையோடு கிளம்பினார். "காலையில உள்ள வரும்போது என்ட்ரி போடலியே சார்" என்று நிறுத்திவிட்டார். சீட்டு எழுதி முடிப்பதற்குள் மழையே நின்றுவிட்டது. பெங்களூருக்குப் போனால் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் யாரும் கேட்காமலே பஸ்ஸிலிருந்து இறங்கி, டிபன் பாக்ஸைத் திறந்து காட்டுவார். "ஹோக்ரீ சுவாமி, நீங்க போங்க சாமி!" என்று அங்கிருந்த கன்னடக்காரர் கும்பிட்டுத் துரத்துவாராம்.

இந்த மனிதரிடம்தான் நான் போய் மாட்டினேன்.

என் மகள் புவனா மேல்படிப்புக்கு அமெரிக்கா கிளம்பிக்கொண்டிருந்தாள். பாடப் புத்தகம் ஒவ்வொன்றும் அங்கே நூறு டாலருக்கு மேல். பெங்களூரில் நானூறு ரூபாய். ஆறு வாங்கிப் பெட்டியில் அடுக்கினாள். ஊருக்குப் போக மூன்று நாள் இருக்கும்போது ஒரு புத்தகத்தின் பின்னட்டையைப் படித்தேன். இந்தியாவிலும் பக்கத்து நாடுகள் சிலவற்றிலும் மட்டுமே விற்பனைக்கு, வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. விமான நிலையத்தில் பிடித்து அப்படியே திருப்பி அனுப்பிவிட்டால்?

"ஒண்ணும் ஆவாது" என்றார் என் கணவர். எதற்கும் அதையே சொல்கிற மனிதர். ஆறு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு கேட்பாஸிடம் ஓடினேன்.

அட்டையை இரண்டு முறை படித்தார்.

"ஒரே புத்தகத்துக்கு எதுக்கு சார் ரெண்டு விலை?"

"நம்ம பிஸ்டனையே எடுத்துக்குங்க மேடம். அதே மெஷினு, அதே ஆளு. உள்ளூர் டப்பால போட்டா ஒரு ரேட்டு, எக்ஸ்போர்ட் டப்பால போட்டா வேற ரேட்டு. வாங்கறவன் எவ்ளோ தாங்குவான்னு பார்த்துதான் விலை. அந்த ஊரு ரேட்டை இங்க வெச்சா பசங்க ஜெராக்ஸ் கடைக்குல்ல போவானுங்க? அதான் மெல்லிசுத் தாளு, சாதா அட்டை, கம்மி விலை."

"சரி, கொண்டுபோனா என்ன?"

"இது அங்க போச்சின்னா நூறு டாலர் குடுத்து எவன் வாங்குவான்? அதான் அட்டையிலயே பூட்டு போட்டுட்டான். விக்கறதுக்குக் கொண்டுபோனாத்தான் மேடம் தப்பு. நம்ம பாப்பா படிக்கத்தான் கொண்டுபோவுது. ஆனா அதுக்கு அத்தாட்சி வேணுமில்ல?"

சொல்லிவிட்டுத் தன் சீட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ஆறு தலைப்புகள், சொந்தப் படிப்புக்கு, விற்பனைக்கு அல்ல, திரும்பி வரவேண்டியது. முத்திரை குத்தி, வெள்ளைச் சீட்டை முதல் புத்தகத்துக்குள் தன் கையாலேயே ஒட்டினார்.

"அம்மா, அமெரிக்காவுல போயி ஓசூர் கேட்பாஸைக் காட்டச் சொல்றியா?" என்று புவனா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் கிழிக்கவில்லை.

இறங்கியதும் ஆபீஸுக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருந்தாள். நம் கணக்குக்குக் காலை பத்து மணி. பத்து ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. கேன்டீனுக்குப் போகாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே கேட்பாஸ், கையில் மஞ்சள் சீட்டு மாட்டிய கிளிப்போடு.

ஒரு மணிக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க சீட்டைப் பார்த்துத்தான் சார் சந்தேகப்பட்டிருப்பாங்க! சும்மா போயிருந்தா விட்டிருப்பாங்க!"

அவர் கிளிப்பைத் தூக்கிப் பிடித்து, ஆறு தலைப்புகளையும் மறுபடி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

இரண்டரைக்குப் போன் அடித்தது.

"அம்மா, பெட்டியைத் திறந்துட்டாங்கம்மா. தனியா உக்கார வெச்சிட்டாங்க."

"புத்தகத்துக்கா?"

"அதை ஒருத்தரும் தொடவே இல்ல. நீ கட்டிக் குடுத்த ராகி மாவு! என்னா பவுடர், என்னா பவுடர்னு மூணு பேரு மாத்தி மாத்திக் கேட்டாங்க. இப்பதான் விட்டாங்க. அடுத்த பிளைட்டும் போயிடுச்சி."

அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். கேட்பாஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "மாவைப் பத்தி என்கிட்ட யாருமே சொல்லலியே மேடம்! அதுக்கும் ஒரு லைன் போட்டிருப்பனே!"

அதற்குப் பிறகு மாதக் கடைசிதோறும், வெளியே போய்த் திரும்பாத பொருள்களின் பட்டியலோடு என் மேஜைக்கு வருவார். "நம்ம ஐட்டம் எப்ப மேடம் உள்ள வருது?"

"படிச்ச புத்தகம், கிடந்துட்டுப் போவுது சார்" என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த மாதமும் வருவார்.

ஒருநாள் புவனா புது விஷயம் ஒன்று சொன்னாள். கம்ப்யூட்டரில் படிக்கிற புத்தகத்துக்கும் நாட்டுக்கு நாடு விலை வேறாம். சிலதை நம் நாட்டில் இருப்பவருக்கு விற்கவே மாட்டார்களாம். கேட்பாஸுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பார்த்தீங்களா மேடம்! தாளும் இல்ல, லாரியும் இல்ல, அப்பவும் கேட் இருக்குது!"

அவர் ஓய்வு பெற்ற நாளில், கிளிப்பிலிருந்து மஞ்சள் சீட்டை உருவி என்னிடம் கொடுத்தார். "புதுசா வர்றவனுக்கு இது புரியாது. நீங்களே வெச்சிக்குங்க."

அன்றைக்குத்தான் அதை முழுதாகப் படித்தேன். ஆறு புத்தகங்களுக்குக் கீழே, வெள்ளைச் சீட்டை ஒட்டிய பிறகு எழுதியிருக்க வேண்டும், மை வேறாக ஏழாவது வரி ஒன்று இருந்தது: 'புவனா. எண்ணிக்கை 1. நல்ல நிலையில் திரும்பி வரவேண்டியது.'

இன்றும் அவளுடைய போன் அரைமணி தாமதித்தால் அந்தச் சீட்டைத்தான் எடுத்துப் பார்க்கிறேன். அவர் எழுதிக் கொடுத்த பொருள் எதுவும், எவ்வளவு தாமதித்தாலும், இதுவரை திரும்பாமல் போனதில்லை.