பொட்டு வைத்த லேசர்

அழகு ஓர் அடிப்படைத் தேவை என்பதைச் சிதம்பரம் என்றோ ஏற்றுக்கொண்டுவிட்டது. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கழிப்பறையைத்தான் தேட வேண்டும். லேசர் கிளினிக் தானே எதிரே வரும். அதிலொன்று ஜெயப்பிரகாஷுடையது. போன வருஷம் வரை செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தவர், ஆன்லைனில் ஒரு பயிற்சி முடித்து மனிதத் தோலுக்கு மாறினார்.

தொழில் பக்தி மிக்கவர். ஆயுத பூஜைக்கு லேசர் மெஷினுக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைத்தார். வைத்த இடம், ஒளி வெளியே வருகிற கண்ணாடி. மறுநாள் முதல் ஆளாகப் போய்ப் படுத்தவள் என் ஹாஸ்டல் அறைத்தோழி ஆரோக்கிய அனிதா. கன்னத்தில் மங்கு என்கிற கருந்திட்டைப் போக்கத்தான் போனாள். மங்கு அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் வட்டமாக ஒரு பொட்டளவு வெந்திருந்தது.

"தொடச்சிட்டு சுடக் கூடாதாண்ணா?" என்று கேட்டாளாம்.

"சாமிக்கு வச்சத எப்படிம்மா தொடைக்கறது?" என்றாராம்.

அடுத்த சனிக்கிழமை அவள் அக்கா நித்யா மேரியின் முறை. ஐப்பசியில் கல்யாணம். அனிதா போனில் கெஞ்சினாள். கடலூரிலிருந்து அம்மா தீர்ப்பு சொன்னார்: "ஒன் தோலு அப்படி. மெஷின் சரியில்லன்னு கவர்மெண்டு சொல்லட்டும், அவள அனுப்பல."

ஆக, நித்யா மேரியின் கன்னம் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்து சேர்ந்தது. கடலூர் போய் மாவட்ட அழகுநிலையப் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுத்தோம். ஆய்வாளர் பழனிவேல் ஜீப்பில் வந்தார்.

முதலில் செருப்பு ஸ்டாண்டை ஆய்வு செய்தார். பிறகு தீயணைப்பு சிலிண்டர். பிறகு அலமாரியில் பூட்டியிருந்த, லேசர் ஒளி படாமல் கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடிகள்.

"எப்பவும் பூட்டித்தான வச்சிருக்கீங்க?"

"ஆமா சார். எடுத்துப் போட்டா ஒடஞ்சிடும்."

'பாதுகாப்பு நன்று' என்று எழுதிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், அந்தப் பொட்டுதான் இவளச் சுட்டுது. மொதல்ல அதத் தொடைக்கச் சொல்லுங்க."

"பொட்டப் பத்திதான புகார் குடுத்தீங்க?"

"ஆமா சார்."

"அப்ப அது தடயம். தடயத்த யாரும் தொடக் கூடாது."

"சரி, மெஷினயாச்சும் நிறுத்துங்க."

"நிறுத்திட்டா அது சுடுதா இல்லையான்னு எப்படிம்மா தெரியும்?"

"தெரியணும்னா இன்னொருத்தி கன்னம் வேணுமே சார்."

"படிச்ச பொண்ணு. பாயிண்ட்ட புடிச்சிட்ட பாரு" என்று மனமுவந்து பாராட்டினார்.

ஜெயப்பிரகாஷ் பணிவாக முன்வந்தார். "சனிக்கிழம இவுங்க அக்கா வராங்க சார்."

"ரொம்ப நல்லது. ஒரே குடும்பம், ஒரே தோலு."

அன்று மாலையே ஆணை ஒட்டப்பட்டது: 'விசாரணை முடியும்வரை மேற்படி இயந்திரம் உள்ளது உள்ளபடி அரசுக் கண்காணிப்பில் இயங்க வேண்டும்.' அதிலிருந்து இரண்டே சொல்லை மட்டும் எடுத்து, வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ் எழுந்தது: 'அரசுக் கண்காணிப்பில் இயங்கும் ஒரே லேசர்.'

'உள்ளது உள்ளபடி' இருக்க வேண்டுமே என்று ஜெயப்பிரகாஷ் தினமும் காலையில் பொட்டைப் புதுப்பித்தார். ஃப்ளெக்ஸின் படம் அனிதா அம்மாவின் வாட்ஸ்அப்புக்குப் போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை நித்யா மேரி வந்தாள், படுத்தாள், பொட்டோடு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை தெருமுனை வரை நின்றது.

அனிதா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நல்லா வாதாடுனடி. சும்மா இருந்திருந்தா அந்தக் குங்குமம் ரெண்டு நாள்ல தானா காஞ்சி உதுந்திருக்கும்."

 

கடலூர் மாதா கோயிலில் கல்யாணம். மணப்பெண்ணின் கன்னத்தில் வட்டம். தோழிகளின் கன்னத்தில் வட்டம். மாப்பிள்ளையின் தங்கைக்குப் புதிதாக வெந்த வட்டம், இன்னும் மருந்து மினுங்கியது. மாப்பிள்ளை வீட்டார் கூடிக்கூடிப் பேசிக்கொண்டார்கள், 'கவர்மெண்டு லேசராம்' என்று. விருந்துக்குப் பழனிவேலும் மகளோடு வந்திருந்தார். அவளுக்கும் இருந்தது.

"பாத்தியாம்மா, எல்லாருக்கும் ஒரே எடம், ஒரே அளவு. தரம்னா இதான்" என்றார். "விசாரணைய முடிச்சாச்சு."

"என்னா சார் முடிவு?"

"ஒன்னத் தவிர யாரும் கொற சொல்லல."

திரும்பிப் பார்த்தேன். அனிதா போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள், வட்டம் தெரிகிற பக்கமாகக் கன்னத்தைத் திருப்பி.

பந்தியில் பக்கத்து இலைக்காரப் பெண்மணி ஒருவர் என் முகத்தைப் பரிதாபமாக உற்றுப் பார்த்தார். "பாவம், ஒனக்கு அப்பாயின்ட்மெண்டு கெடைக்கலியாம்மா?"

என் கை தானாகப் போய் வெறுங்கன்னத்தை மூடிக்கொண்டது.