தினமும் பிறந்த மாப்பிள்ளை

"சார், மாப்பிள்ளை போட்டோ இருக்க வேண்டிய இடத்துல ஒரு கட்டமும், அதுக்குள்ள சிவப்புக் கலர்ல பெருக்கல் குறியும்தான் இருக்கு."

சிகாமட்டிலிருந்து ஜெயபாலன் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, கூலாயில் இருந்த திருச்செல்வம் புன்னகை செய்தார். மகன் தீபனுக்கு, ஜெயபாலனின் மகள் லோஷினியைப் பெண் கேட்டு அவர் அனுப்பிய கோப்பு அது. மகனின் முகம் பெருக்கல் குறியாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு தகப்பனுக்கு வர வேண்டிய கவலை அவருக்கு வரவில்லை.

"உங்க கம்ப்யூட்டர் வேற ரகம் சார். ஒரு சின்ன சாஃப்ட்வேர் சாமான் அனுப்புறேன், அதுல போட்டுக்குங்க. எல்லாம் சரியாயிடும்லா."

ஊரில் மற்றவர்கள் ஒரே தாளில் பெயர், படிப்பு, வேலை, ஜாதகக் கட்டம் எல்லாவற்றையும் அடித்து, மேலே ஒரு போட்டோ வைத்து அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். திருச்செல்வத்துக்கு அது கேவலம். அவர் சிங்கப்பூரில் மென்பொருள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 'கூட்டாவணத் தரநிலை' என்ற ஒன்றை வகுத்த குழுவில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். அந்தத் தரநிலையின்படி, ஆவணம் என்பது செத்த தாள் அல்ல. படம், அட்டவணை, ஜாதகம் ஒவ்வொன்றும் தத்தம் மென்பொருளோடு ஒரே பக்கத்தில் உயிருடன் குடியிருக்கும். எந்த ரகக் கணினியில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும். பல நாட்டு நிபுணர்கள் ஹோட்டலில் கூடி, வயிறாரச் சாப்பிட்டு இப்படி முடிவெடுத்தார்கள். கணினிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் பிறகு உலகத்தில் ஒருவரும் சீந்தாத அந்தத் தரநிலைக்குத் தன் மகன் கல்யாணத்தின் மூலம் வாழ்வு கொடுப்பது என்று திருச்செல்வம் தீர்மானித்திருந்தார்.

செனாயில் தொழிற்சாலைப் பொறியாளராக இருந்த தீபனுக்குத் தரநிலை வேண்டாம், லோஷினி போதும். பெண் பார்க்கப் போன அன்றே இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. ஜாதகம் ஒன்றுதான் பாக்கி.

"பா, எல்லாத்தையும் ஒரே படமா மாத்தி வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, போதும்."

"அது செத்த ஆவணம்டா."

"கல்யாணம் எனக்குத்தானே பா? ஃபைலுக்கு இல்லையே!"

திருச்செல்வம் சின்ன சாமானைச் சிகாமட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் ஜெயபாலன் கூப்பிட்டார். "போட்டோ வந்துருச்சு சார். ஆனா டுரியானா இருக்கு."

படம் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும் என்பதற்காக, தீபனின் கைபேசியில் கடைசியாக எடுத்த படம் தானே வந்து உட்காரும்படி திருச்செல்வம் இணைத்திருந்தார். தீபன் கடைசியாக எடுத்தது, சாலையோரக் கடையில் பிளந்து வைத்திருந்த டுரியானை.

"அலமாக்! பொண்ணு வீட்டுக்கு முள்ளுப் பழத்தையா காட்டினீங்க?" என்று அவர் மனைவி நர்மதா தலையில் கைவைத்தாள்.

"மாப்பிள்ளையைத்தான் நேர்லயே பாத்துட்டோமே, அதை விடுங்க சார்," என்றார் ஜெயபாலன் பெருந்தன்மையாக. "ஜாதகத்துல நேத்து ரோகிணின்னு இருந்துச்சு. இன்னிக்கு மிருகசீரிஷம்னு இருக்கு. எதை எடுத்துக்கிறது?"

இப்போது திருச்செல்வத்தின் புன்னகை நின்றது. தீபன் கேட்டை நட்சத்திரம். அவருடைய கணினியில் கேட்டை என்றுதான் இருந்தது.

மண்டையை உடைத்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடித்தார். ஜாதக மென்பொருள் சிகாமட்டுக்குப் போய்விட்டது. பிறந்த தேதி கூலாயிலேயே தங்கிவிட்டது. தேதி கிடைக்காவிட்டால், கோப்பைத் திறக்கிற நேரத்தையே பிறந்த நேரமாக எடுத்துக்கொள்ளும் அறிவு அந்த மென்பொருளுக்கு இருந்தது. ஆகவே ஜெயபாலன் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் தீபன் சிகாமட்டில் புதிதாகப் பிறந்துகொண்டிருந்தான்.

"நான் ஒரு தடவை பெத்ததே போதும்னு இருக்கேன்," என்றாள் நர்மதா.

திருச்செல்வம் இரண்டு கணினிகளும் ஒன்றுக்கொன்று தகவல் கொடுத்து வாங்கும்படி இணைப்பைப் பலப்படுத்தினார். கூலாயில் இருக்கும் தேதி சிகாமட்டுக்குப் போக வேண்டும் என்பது திட்டம். போனதோ எதிர்த்திசையில். மறுநாள் காலையில் ஜெயபாலன் கோப்பைத் திறந்ததும், கூலாயிலும் தீபன் திருவாதிரை ஆனான். அதுவரை ஒரு வீட்டில் மட்டும் இருந்த குழப்பம் இரு வீட்டுக்கும் பொதுவானது. தரநிலையின் நோக்கமே அதுதான்.

"அவசரமே இல்ல சார்," என்றார் ஜெயபாலன். "நாங்க தினமும் காலையில திறந்து பாத்துக்கிறோம். நீங்க ஒண்ணும் செய்யாதீங்க."

போனை வைத்ததும் திருச்செல்வம் கொதித்தார். "பாத்தியா நர்மதா, என்னைக் கேலி பண்றாரு!"

"பண்ணாம? உங்க மகனுக்கு மூணு நாளா மூணு நட்சத்திரம். விட்டுத் தொலைங்க."

மானப் பிரச்சினையாகிவிட்ட பிறகு விடுகிற ஆளா அவர்? அடுத்த நாள் பகல் முழுக்க உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தார். மாலைக்குள் நட்சத்திரத்தை யாரும் அசைக்க முடியாதபடி பூட்டிவிட்டார். தன் கணினியில் திறந்தார், கேட்டை. நர்மதாவின் டேப்லெட்டில் கேட்டை. தீபனின் கைபேசியில் கேட்டை. சரித்திரத்திலேயே முதல் தடவையாகக் கூட்டாவணத் தரநிலை வேலை செய்தது. பார்க்க அந்தக் குழுவில் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லையே என்று அவருக்குத் துக்கமாக இருந்தது.

ஜெயபாலனுக்கு மட்டும் அனுப்பினால் பெருமை போதாது. ஜெயபாலனின் அண்ணன் மனோகரன் இருந்தார். அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். ஜாதகம் பொருந்தாத இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். திருத்திய கோப்பை அவருக்கே நேராக அனுப்பி, 'இனி எந்தக் கணினியிலும் மாறாது' என்றும் எழுதினார்.

ஒரு மணி நேரத்தில் சிகாமட் ஊமையாகிவிட்டது. ஜெயபாலன் போனை எடுக்கவில்லை. தீபன் அனுப்பிய செய்திகளுக்கு லோஷினி பதில் போடவில்லை. கைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தீபன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். 

கடைசியில் லோஷினியின் அம்மா ஷாமளாதான் நர்மதாவைக் கூப்பிட்டாள். நர்மதா எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எல்லாம் போச்சுங்க. எங்க பொண்ணு ரேவதி, உங்க பையன் கேட்டை. ரஜ்ஜுப் பொருத்தமே இல்லன்னு எங்க மூத்தாரு வந்து கத்திட்டு, இந்தச் சம்பந்தமே வேணாம்னு போயிட்டாரு. லோஷினி கதவைச் சாத்திக்கிட்டு அழுவுறா."

தீபன் எழுந்து நின்றான். திருச்செல்வம் தொண்டையைச் செருமிக்கொண்டு போனருகே குனிந்தார்.

"அதுக்கு என்னம்மா செய்யறது? கேட்டைதான் உண்மையான நட்சத்திரம். இத்தனை நாளா ஃபைல் கெட்டு ரோசாக் ஆயிருந்துச்சு. நான்தான் கஷ்டப்பட்டுச் சரி பண்ணேன்."

"அதை யாரு சார் சரி பண்ணச் சொன்னது?" என்று வெடித்தாள் ஷாமளா. "ரேவதிக்குப் பூசம் நல்லாப் பொருந்தும்னு பாத்து, மூத்தாரை நாளைக்குக் காலையில கூப்பிட்டு ஃபைலைத் திறந்து காட்டலாம்னு இருந்தோம். நாளைக்கு உங்க பையன் பூசத்துல பொறந்திருப்பாரு!"