சும்மா பின்னால் நிற்பவர்

முன்னால் வந்து நிற்பவர்களை உங்களுக்கு நன்றாகத் தெரியும். மேடையில் நடு நாற்காலியைப் பிடிப்பவர், மைக்கைக் கையில் வாங்கினால் திருப்பித் தராதவர், கத்தரிக்கோலைக் கண்டதும் வெட்ட ரிப்பன் தேடுபவர். இவர்களால் பெரிய ஆபத்தில்லை. தூரத்திலேயே தெரிந்துவிடுவார்கள், ஒதுங்கிப் போய்விடலாம். நான் சொல்ல வந்தது வேறோர் இனம். "நான் சும்மா பின்னால நிக்கிறேன், முடிவெல்லாம் உங்களோடதுதான்" என்று சொல்லிக்கொண்டே உங்கள் முதுகில் கை வைத்து, தனக்கு வேண்டிய பக்கமாக உங்களைத் தள்ளிக்கொண்டு போகிறவர் இவர். எந்த ஊரில் இளைஞர்கள் நடத்தும் சேவைத் திட்டங்களுக்குச் சிறு மானியம் என்று அறிவிப்பு ஒட்டப்படுகிறதோ, அந்த ஊரில் பசை காய்வதற்குள் இவர் முளைத்துவிடுவார்.

வடக்கு மினசோட்டாவில் ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் சிற்றூருக்கு வாய்த்தவர் வெண்டல் ஓஸ்ட்பி. காப்பீட்டு முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது, கஷ்டமே அதுதான். கெட்டவராக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு வார்த்தை கேட்டுவிடலாம். இவரோ எந்நேரமும் சிரித்த முகம், சட்டைப் பையில் பல நிறப் பேனாக்கள், காரின் பின்சீட்டு நிறைய சுவரில் ஒட்டும் வண்ணத் தாள்கள், கையில் மனைவி செய்து கொடுத்த எலுமிச்சைத் துண்டுகள். அந்தத் துண்டை ஒருமுறை வாயில் போட்டவன் அவரை எதிர்த்துப் பேசமாட்டான்.

செப்டம்பரில் நூலகத்தின் கீழ்த்தளத்தில், வெண்டல் வழிகாட்டியாக இருந்த மானியக் குழு கூடியது. ஆயிரம் டாலர் மானியத்துக்கு விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர். பள்ளியில் பதினோராம் வகுப்புப் படிக்கும் பிரிட்டா கங்காஸ், அவளுடைய வகுப்புத் தோழன் டெவன். அவர்களுடைய திட்டம் ஒரே ஒரு பெஞ்சு. நெடுஞ்சாலை முனையில், மருத்துவமனை வேன் வந்து நிற்கும் இடத்தில், மூன்று பக்கம் பலகை அடித்து மேலே கூரை போட்ட ஒரு பெஞ்சு.

யாருக்கு? டெல்பர்ட்டுக்கு. ஊர்ப் பள்ளியின் சமையல்காரர் அவர். உருளைக்கிழங்குத் துண்டுகளை மேலே அடுக்கிச் சுட்ட இறைச்சிக் கலவையை இன்னொரு கரண்டி சேர்த்துப் போட்டே இந்த ஊரின் ஒரு தலைமுறையை வளர்த்த ஆள். இப்போது சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளப் பெரிய ஊருக்குப் போகவேண்டும். அவர் வீட்டுக்குப் போகும் மண்பாதையில் வேன் ஏறாது. முனையில் வந்து நிற்கவேண்டியதுதான். வேனோ தன் இஷ்டத்துக்கு வரும். ஏரியிலிருந்து அடிக்கிற காற்றில் போன குளிர்காலம் நின்றவர் அங்கேயே மயங்கி விழுந்தார். வேன்காரர்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்.

"அக்டோபர் முடியறதுக்குள்ள கம்பம் நட்டுடணும் சார். நவம்பர் வந்தா மண்ணு கல்லாயிடும்" என்றாள் பிரிட்டா.

"அற்புதம்!" என்று வெண்டல் கைதட்டினார். அன்றைக்கே கதவளவு பெரிய பிளாஸ்டிக் பலகைக் காசோலை ஒன்று வந்தது. அதை இருவரும் பிடித்துக்கொள்ள, வெண்டல் பின்னால் நிற்க, படம் எடுக்கப்பட்டது. அந்தக் காசோலையை எந்த வங்கியும் வாங்காது. வங்கி வாங்குகிற சின்னக் காசோலை, தலைமைப் பண்புப் பயிலரங்குகள் முடிந்த பிறகு வருமாம். "உங்களுக்காகத்தான் கண்ணுங்களா. பணத்தை யாரு வேணும்னாலும் குடுப்பாங்க. பக்குவத்தை யார் குடுப்பா?"

பக்குவம் கொடுக்கும் படலம் தொடங்கியது. முதல் வாரம் 'நான் யார்' என்று மஞ்சள் தாளில் எழுதி ஒட்டினார்கள். அடுத்த வாரம் 'என் கனவு எது' என்று பச்சைத் தாளில். டெவன் பச்சைத் தாளில் 'பெஞ்சு' என்று எழுதினான். வெண்டல் அவன் தோளில் தட்டி, "இன்னும் ஆழமா போ தம்பி" என்றார். அவன் 'ஆழமாகப் புதைத்த பெஞ்சு' என்று எழுதினான்.

பிறகு தேவை ஆய்வு. மக்களின் குரலைக் கேட்காமல் ஒரு ஆணி அடிக்கலாமா? டெல்பர்ட்டை நூலகத்துக்கு வரவழைத்தார்கள். வெண்டல் அவர் எதிரே உட்கார்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"சொல்லுங்க டெல்பர்ட், அங்க நிக்கும்போது உங்க மனசுல என்ன தோணுது?"

"உக்காரணும்னு தோணுது."

வெண்டல் இதைச் சிவப்புப் பேனாவால் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

அடுத்தது பெயர். பிரிட்டா 'டெல்பர்ட் பெஞ்சு' என்றாள், டெவனும் கை தூக்கினான். தீர்மானம் நிறைவேறியதா? எங்கே! "முடிவு உங்களோடதுதான். ஆனா இன்னொரு தடவை ஓட்டெடுப்போமா?" என்றார் வெண்டல். எடுத்தார்கள், அதே பெயர். "மனசைத் திறந்து வச்சுக்கிட்டு இன்னொரு தடவை?" எலுமிச்சைத் துண்டுகள் சுற்றி வந்தன. நாலாவது ஓட்டெடுப்பில், வீட்டுக்குப் போனால் போதும் என்று இருவரும் கை தூக்கியதில், பெஞ்சுக்குக் 'காத்திருப்பின் சிறகுகள்' என்ற பெயர் ஏகமனதாக நிறைவேறியது. வெண்டலுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் தாமாகவே இவ்வளவு தூரம் யோசிப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லையாம். அவரைச் சும்மா சொல்லக்கூடாது. அந்தக் கண்ணீர் உண்மையான கண்ணீர்.

சிறகுகளுக்குச் சின்னம் வரைந்து, பனியன் அச்சடித்து முடிப்பதற்குள் நவம்பர் வந்துவிட்டது. டெவன் முனையில் போய்க் கடப்பாரையை ஓங்கிப் போட்டான். அது எகிறிவந்து அவன் முகத்துக்கு நேராக ஆடியது. இனி வசந்தம் வரும்வரை அந்த மண்ணில் ஒரு குச்சியைக்கூட நடமுடியாது.

"இதுவும் ஒரு பாடம்தான் பிள்ளைங்களா. தோத்தாதான் கத்துக்க முடியும்" என்றார் வெண்டல்.

பிரிட்டாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாடம் எங்களுக்கு சார். நிக்கப்போறது டெல்பர்ட் மாமா!"

"கோபத்தையும் ஒரு தாள்ல எழுதி ஒட்டலாமே?"

அவள் எழுதவில்லை. டெவனின் சித்தப்பாவிடம் பழைய மீன்குடில் ஒன்று கிடந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் இழுத்துப் போய் வைத்து, உள்ளே உட்கார்ந்து பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பார்களே, அந்தப் பலகைக் குடில். இரண்டு பக்கமும் உட்காரப் பலகை, ஒரு சின்ன ஜன்னல். அடியில் சறுக்குக் கட்டைகள் இருப்பதால் நட வேண்டாம், தோண்ட வேண்டாம். ஊரில் பாதி வீட்டுக் கொல்லையில் இது கிடக்கிறது. இரண்டு மாதம் சுவரில் தாள் ஒட்டியவர்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. ஒரு சனிக்கிழமை காலை சித்தப்பாவின் வண்டியில் சங்கிலியைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் முனையில் வைத்துவிட்டார்கள். தரையிலிருந்த மீன் துளைகளைப் பலகை வைத்து மூடினார்கள். கதவு போன வருடக் காற்றில் போய்விட்டிருந்தது. கதவளவுக்கு, காற்று புகாத, கனமில்லாத பொருள் அவர்களிடம் ஒன்று இருந்ததே! பழைய இடுப்புவார் இரண்டைக் கீலாக வைத்து, அந்தப் பெரிய காசோலையை மாட்டினார்கள். அச்சாகப் பொருந்தியது.

திங்கட்கிழமை காலை செய்தி கேட்டதும் வெண்டலுக்கு முதலில் மனம் உடைந்துபோனது. கூட்டம் இல்லை, ஓட்டெடுப்பு இல்லை, ஒரு தாள்கூட ஒட்டவில்லை. இதெல்லாம் ஒரு திட்டமா? ஆனால் இந்த இனத்துக்குச் சோகம் நீடிப்பதில்லை. காபி ஆறுவதற்குள், இது தன் பயிலரங்குகள் விளைவித்த கனி என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. ஊர் வாரப் பத்திரிகைக்காரரைக் கூட்டிக்கொண்டு முனைக்கு விரைந்தார்.

வெளியே பூஜ்யத்துக்கு வெகு கீழே குளிர். மூச்சுவிட்டால் மூக்குமுடி உறைகிறது. டெல்பர்ட் உள்ளே உட்கார்ந்து வேனுக்குக் காத்திருந்தார். பள்ளிக்குப் போகும் வழியில் பிரிட்டாவும் டெவனும் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"காசோலை வாசல்ல கிடக்கே!" என்று பதறினார் வெண்டல். "ஒரு நிமிஷம் அதைக் கழட்டுங்க. நீங்க ரெண்டு பேரும் பிடிச்சுக்குங்க, டெல்பர்ட் நடுவுல. நான் சும்மா பின்னால நிக்கிறேன்."

"கழட்டினா காத்து உள்ள போகும் சார். மாமா போன வருஷம் விழுந்த இடம் இது" என்றாள் பிரிட்டா.

"ஒரே ஒரு படம்தானேம்மா!"

"முடிவு எங்களோடதுதானே சார்?"

"சந்தேகமென்ன!"

"அப்ப கழட்டறதில்ல."

வெண்டல் புன்னகை மாறாமல் தன் பழைய ஆயுதத்தை எடுத்தார். "எதுக்கும் ஓட்டெடுத்துப் பார்த்துடுவோமே?"

பிரிட்டா கை தூக்கினாள். டெவன் தூக்கினான். ஜன்னல் கொஞ்சம் திறந்தது. அதன் வழியே கம்பளி உறை போட்ட மூன்றாவது கை ஒன்று வெளியே வந்து உயர்ந்து நின்றது. "சீக்கிரம் எண்ணுங்கப்பா, கை விறைக்குது" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

வெண்டல் வாயைத் திறந்தார். எலுமிச்சைத் துண்டுகள் காரில் இருந்தன.

"படத்துக்கு நான் எங்கதான் நிக்கிறது?" என்று கேட்டபோது அவர் குரல் முதல் தடவையாகச் சின்னதாக இருந்தது.

"பின்னால நில்லுங்க சார்" என்றாள் பிரிட்டா. "நிஜமாவே பின்னால. குடிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பலகை விட்டுப்போயிருக்கு, ஏரிக்காத்து நேரா உள்ள வருது. சாயங்காலம் அடிச்சுடுவோம். வேன் வர்ற வரைக்கும் முதுகை வச்சு அடைச்சுக்கிட்டு நில்லுங்க."

போனார். கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, விரிசலில் முதுகைச் சாய்த்து நின்றார். ஏரி அவர் முகத்தில் அறைந்தது. படத்தில் அவர் விழவில்லை. வேன் அன்றைக்கும் தாமதம்தான். ஆனால் அதில் ஏறும்போது டெல்பர்ட் திரும்பி, "பின்பக்கம் இன்னைக்கு நல்லா இதமா இருந்துச்சுப்பா" என்றார். அந்த மானியத்திலிருந்து அதுவரை அவருக்குக் கிடைத்தது ஒரு பொய்க் காசோலையின் மறைப்பும், வெண்டலின் முதுகுச் சூடும். சின்னக் காசோலை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. வெண்டலின் அறிக்கையில் அந்தக் காலை நேரம் இடம்பெறவில்லை என்று கேள்வி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் மகளிடம், "எந்தப் படிப்பு வேணும்னாலும் எடு, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, அவள் ஒன்றைச் சொன்னதும், "நல்லா யோசிச்சுச் சொல்றியா?" என்று மறுபடி கேட்டது யார்? மூன்றாம் தடவை கேட்கும்போது கையில் தின்பண்டத் தட்டு இருந்ததா? அப்படியானால் ஒரு நல்ல கோட்டாக எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கம் வாருங்கள். பிள்ளைகள் அன்று சாயங்காலம் ஒரு பலகைதான் அடித்தார்கள். பக்கத்திலேயே இன்னொரு விரிசல் இருக்கிறது, சரியாக உங்கள் முதுகளவு.